உரக்கிடங்கும் சுற்றுச்சூழல் மதிப்பீடும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

நகராட்சி உரக்கிடங்குத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் பல வருடங்களாகச் சரிபார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குப்பையை உரமாக்குவது நல்ல காரியம்தானே சார்? அதற்கும் எதற்கு மதிப்பீடு?

நல்ல காரியம்தான். மக்கும் குப்பையை மண்ணில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். முறையாக உரமாக்கினால் அது வெகுவாகக் குறையும். ஆனால் மதிப்பீட்டுச் சட்டம் கேட்பது 'என்ன நோக்கம்' என்றல்ல, 'என்ன விளைவு' என்று. 1969இல் அமெரிக்கா கொண்டுவந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளும் பின்னால் வந்தன. 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுப் பிரகடனத்தின் 17ஆவது கோட்பாடும் இதைத்தான் சொல்கிறது. முடிவெடுக்கும் முன்பே விளைவு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்கல் நாட்டிவிட்டு எழுதும் அறிக்கைக்கு என் அகராதியில் வேறு பெயர்.

கேள்வி: 'சின்னத் திட்டம், விலக்கு உண்டு' என்கிறார்களே?

இருக்கலாம். ஓர் அளவுக்குக் கீழே முழு அறிக்கை தேவையில்லை என்று பல நாட்டு விதிகளும் சொல்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது, பெரிய திட்டத்தைக் கூறுபோட்டிருக்கிறார்களா என்பதை. முதல் கட்டம் வரம்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டாம் கட்டமும் கொஞ்சம் கீழே, இரண்டுக்கும் ஒரே வேலி, ஒரே எடைமேடை என்றால் உடனே கேளுங்கள்.

கேள்வி: நாற்றம் வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா.

ஒரே வார்த்தையில் முடியாது அம்மா. வருவதும் வராததும் நடத்துகிறவர் கையில் இருக்கிறது. குவியலுக்குள் காற்றுப் போக வேண்டும், அதற்காகத்தான் அவ்வப்போது புரட்டுவது. ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். கரி, தழை விகிதம், அதாவது கார்பனும் நைட்ரஜனும், ஏறத்தாழ 30க்கு 1 என்று தொடங்க வேண்டும். வெறும் சமையல் கழிவைக் கொட்டினால் நைட்ரஜன் மிகுந்து அம்மோனியா மூக்கைத் துளைக்கும். அதனால்தான் மரச்சீவலும் காய்ந்த சருகும் கலக்கிறார்கள். கிடங்கைப் பார்க்கப் போனால் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. விரலிடுக்கில் ஒழுகினால் உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்த ஓர் அறிக்கை ஆண்டுச் சராசரிக் காற்றை வைத்து 'பாதிப்பில்லை' என்று எழுதியிருந்தது. கணக்கில் தப்பில்லை. ஆனால் நாற்றம் சராசரி நாளில் வருவதில்லை. காற்று அசையாத சாயங்காலம், தரை குளிர்ந்து, வாடை மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும்போதுதான் வரும். அந்தக் கிடங்கில் குவியல் புரட்டும் நேரமும் சரியாகச் சாயங்காலம்! புரட்டுவதைப் பகலுக்கு மாற்றியதிலேயே பாதிப் புகார் நின்றது. ஆகவே கூட்டத்தில் 'நாறுமா' என்று கேட்காதீர்கள். 'எந்த நேரத்தில் புரட்டுவீர்கள், காற்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆஸ்துமா. வித்துத்தூள் பறக்கும் என்கிறார்கள்.

பறக்கும், உண்மை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சை சூடான குவியலில் நன்றாக வளரும். புரட்டும்போது அதன் வித்துகள் காற்றில் கலக்கும். தூரம் போகப் போக அடர்த்தி வேகமாகக் குறைந்துவிடும். 250 மீட்டருக்குள் வீடோ வேலையிடமோ இருந்தால் இதற்கென்றே தனி இடர் ஆய்வு வேண்டும் என்பது இங்கிலாந்தில் உள்ள நடைமுறை. உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள், வேலியிலிருந்து அல்ல, குவியலிலிருந்து.

கேள்வி: எங்கள் கிணறு?

தரை எதனால் ஆனது என்று பாருங்கள். நீர் கசியாத தளம், குவியலிலிருந்து வடியும் சாற்றைப் பிடிக்கும் தொட்டி, மழைநீருக்குத் தனி வாய்க்கால், இந்த மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவை எந்த மழைக்குக் கணக்கிட்டார்கள் என்றும் கேளுங்கள். கிணற்று நீரை இப்போதே சோதித்து வையுங்கள். பழைய அளவு இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: அந்த உரத்தைத் தோட்டத்துக்குப் போடலாமா?

கிருமி பயம் என்றால், அமெரிக்க விதியில் உள்ள அளவு இது: காற்றூட்டும் மூடிய முறையில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 3 நாள், திறந்த நீள்குவியலில் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். ஆனால் வெப்பம் கிருமியைக் கொல்லுமே தவிர கண்ணாடிச் சில்லை என்ன செய்யும்? சில களைக்கொல்லிகளும் தப்பிவிடும். 2000 வாக்கில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர உரத்தில் க்ளோபிராலிட் என்ற களைக்கொல்லி மிச்சமிருந்து தோட்டச் செடிகளைக் கெடுத்தது. சந்தேகமிருந்தால் ஒரு தொட்டியில் அந்த உரத்தைக் கலந்து நாலு அவரை விதை ஊன்றுங்கள். தளிர் சுருண்டால் போடாதீர்கள்.

கேள்வி: கருத்துக் கேட்பில் மூன்றே நிமிடம் தருகிறார்கள். என்ன பேசுவது?

அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லி ஒரே ஒரு குறையைப் பேசுங்கள். 'நிலையம் வேண்டாம்' என்றால் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். 'இத்தனையாம் பக்கத்தில் சாயங்காலக் காற்றின் தரவு இல்லை' என்றால் பதில் எழுதியாக வேண்டும். தணிப்பு நடவடிக்கைகள், அதாவது பாதிப்பைக் குறைக்கும் ஏற்பாடுகள், அறிக்கையில் இருந்தால் போதாது, உரிமத்தின் நிபந்தனையாக ஏற வேண்டும் என்றும் கேளுங்கள். மீதியை மனுவாக எழுதிக் கொடுத்து, அன்றைக்கே நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.