மகன் ஹொக்கியில் டிஃபென்ஸ் ஆடுகிறான்: தரம் 9இல் பெற்றோர் செய்ய வேண்டியவை

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில், மார்க்கம் நகரில் இருக்கிறோம். மகன் தரம் 9. ஐஸ் ஹொக்கியில், டிரிபிள் ஏ (சிறுவர் ஆட்டத்தின் மேல்மட்டம்) அணியில் டிஃபென்ஸ் ஆடுகிறான், இதையே தொழிலாக்கப் போகிறேன் என்கிறான். அவனுடைய அப்பாவுக்கு அவன் பொறியியல் படிக்க வேண்டும். அடுத்த சீசன் முடிய ஓஎச்எல் (ஒன்ராறியோவின் மேல்மட்ட ஜூனியர் லீக்) டிராஃப்ட், அதாவது அணிகள் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் நிகழ்வு, அதில் பெயர் வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மற்றப் பெற்றோர் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போவது?

பதில்: அந்தப் பெற்றோர் சொல்வது முன்வரிசைக்காரருக்கே முழுக்கச் சரியில்லை. டிஃபென்ஸுக்கு அறவே சரியில்லை. டிஃபென்ஸ் ஆட்டக்காரர் தாமதமாகத்தான் பழுப்பார். பின்னோக்கி ஓடிக்கொண்டே ஆட்டத்தைப் படிக்க வேண்டும். வளர்ந்த ஆட்களைச் சுவரோடு சேர்த்து நிறுத்த உடம்பு வேண்டும். இரண்டும் 15 வயதில் அமைந்துவிடுவது அபூர்வம். ஆகவே அடுத்த இரண்டு வருடத்தில் உங்கள் வேலை ஹொக்கியா படிப்பா என்று தீர்ப்புச் சொல்வதல்ல. 20 வயதில் தெரிவு செய்ய அவனுக்கு இரண்டும் மிஞ்சியிருக்கப் பார்த்துக்கொள்வதுதான்.

முதலில் கணக்கு. வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் 32 அணிகள். ஓர் ஆட்டத்துக்கு அணிக்கு 6 டிஃபென்ஸ். மொத்தம் 192 இடம். உலகம் முழுவதுக்கும் இவ்வளவுதான், அதிலும் பலர் ஏற்கெனவே நீண்ட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வருடா வருடம் நடக்கும் டிராஃப்டில் 7 சுற்று, 224 பெயர், அதற்குள் எல்லா நிலை ஆட்டக்காரரும் அடக்கம். பெயர் வந்தாலும் ஒரு தடவைகூட என்எச்எல் ஐஸில் இறங்காமல் போகிறவர்கள் நிறைய. 2025-26 சீசனில் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டொலர். ஒரு படி கீழே ஏஎச்எல், அதற்குக் கீழே வாரச் சம்பளத்துக்கு ஆடும் ஈசிஎச்எல். ஒவ்வொரு படியிலும் வருமானம் சறுக்கி விழும். ஜேர்மனி, ஒஸ்ரியா, பிரிட்டன் லீக்குகளில் வீடும் காரும் தந்து கனடாக்காரரை எடுப்பார்கள். பிழைப்பு ஓடும், ஆனால் முப்பதைத் தாண்டியதும் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். இதை மகனிடம் மறைக்க வேண்டாம். 14 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

இனி அந்த டிராஃப்ட் பயம். ஏரன் எக்பிளாட், ஷான் டே இருவரும் டிஃபென்ஸ். இருவருக்கும் 15 வயதிலேயே ஓஎச்எல்லில் ஆட விசேட அனுமதி கிடைத்தது. எக்பிளாட் 2014 என்எச்எல் டிராஃப்டில் முதல் இடத்தில் தெரிவானார். டே 2016இல் 81ஆம் இடத்துக்கு இறங்கி, பெரும்பாலும் ஏஎச்எல்லில் ஆடினார். ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவையோ என்எச்எல் டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. 2019இல், 35 வயதில், சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நொறிஸ் விருது அவர் கையில். உங்கள் மகன் ஜியோர்டானோ ஆவான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 15 வயதுப் பட்டியலை வைத்து 25 வயதைக் கணிக்க முடியாது, அவ்வளவுதான்.

பிறந்த திகதியையும் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பர் 15க்குள் 18 வயது நிரம்புகிறவர்தான் அந்த வருட என்எச்எல் டிராஃப்டுக்குத் தகுதி. 2025இல் முதல் இடத்தில் போன மத்தியூ ஷேஃபர், இவரும் டிஃபென்ஸ்தான், 2007 செப்டெம்பர் 5இல் பிறந்தவர். பதினொரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் 2026 வரை காத்திருந்திருப்பார். ஒக்டோபர், நவம்பர் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சீசன் கூடுதலாகக் கிடைக்கும். டிஃபென்ஸுக்கு அது நல்லதே. ஓஎச்எல் டிராஃப்டுக்கு இந்தக் கோடு கிடையாது. அங்கே பிறந்த ஆண்டு மட்டும்தான் கணக்கு, அதனால் டிசம்பரில் பிறந்தவன் ஜனவரியில் பிறந்தவனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய தகவலோடு பேசுகிறவர்கள் அதிகமாகத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. முன்பு ஓஎச்எல்லில் கால் வைத்தவனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு சாத்தப்பட்டுவிடும். 16 வயதிலேயே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றியது. 2025 ஓகஸ்ட் 1 முதல் ஓஎச்எல் ஆடியவரும் முதற்பிரிவுப் பல்கலைக்கழகத்தில் ஆடலாம். கவின் மெக்கெனா, ஓஎச்எல்லுக்குச் சமமான மேற்குக் கனடா லீக்கின் மெடிசின் ஹற் அணியிலிருந்து பென் ஸ்ரேற் பல்கலைக்கழகத்துக்குப் போனது இந்த வழியால்தான். ஆனால் செலவுக்கு மேல் சம்பளமாக எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. எந்தத் தாளில் கையொப்பமிடுமுன்னும் தகுதி பாதிக்கப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இரண்டு பாதைக்கும் வேறுபாடு பெரிது. ஓஎச்எல்லில் சீசனுக்கு 68 ஆட்டம், நீண்ட பஸ் பயணம், வேறு ஊரில் பில்லெட் குடும்பத்தோடு, அதாவது ஆட்டக்காரரை வீட்டில் தங்கவைக்கும் குடும்பத்தோடு, வாழ்க்கை. (வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் என்றால் அந்தக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், செய்து தருவார்கள்.) அங்கு ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம் புலமைப்பரிசிலாகச் சேரும். அதை எத்தனை மாதத்துக்குள் தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் செய்தால் என்னவாகும் என்ற வரிகளை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். பல்கலைக்கழகத்தில் சுமார் 35 முதல் 40 ஆட்டம், பெரும்பாலும் வெள்ளி, சனி. வார நாள்கள் வகுப்புக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மிஞ்சும். மெலிந்த, இன்னும் வளர்கிற டிஃபென்ஸ் பிள்ளைக்கு இது பொருந்தும் என்பது எங்கள் கருத்து. கேல் மக்கார் ஓஎச்எல் மட்டத்துக்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ லீக்கில் ஆடி, மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் என்எச்எல்லின் கொலராடோ அணிக்குப் போனார்.

அப்பாவின் பொறியியலுக்கும் இதில் இடமிருக்கிறது. றென்சலர், கிளார்க்சன், மிச்சிகன் ரெக் மூன்றும் பொறியியலுக்குப் பெயர்போனவை. மூன்றிலும் முதற்பிரிவு ஹொக்கி உண்டு. கோர்னெல், பிரின்ஸ்டனிலும் இரண்டும் உண்டு. ஆனால் ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

இதற்குத் தரம் 9இலேயே காப்பாற்ற வேண்டியது பாடத்தெரிவு. என்சிஏஏ முதற்பிரிவு 16 அடிப்படைப் பாடங்களைக் கேட்கும். அவற்றில் 10ஐத் தரம் 12 தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானமாக இருக்க வேண்டும். அந்தப் பாடங்களின் சராசரி 4க்குக் குறைந்தது 2.3. எல்லாம் தரம் 9இலிருந்து நான்கு வருடத்துக்குள். ஒன்ராறியோவில் பலர் செய்வதுபோல் ஐந்தாம் வருடம் எடுத்து மதிப்பெண் திருத்திக்கொள்ளலாம் என்று நம்பியிருக்காதீர்கள். பாடசாலையின் எல்லாப் பாடமும் அடிப்படைப் பாடமாகாது. எவை ஏற்கப்படும் என்ற பட்டியலை என்சிஏஏ தகுதி மையத்தின் தளத்தில் பாடசாலைப் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். தவறு வழமையாக இப்படி நடக்கும்: பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று தரம் 10, 11இல் கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ இலகுவான பிரிவுக்கு மாற்றுவார்கள். அதோடு என்சிஏஏயும் போய்விடும், பொறியியலும் போய்விடும். தரம் 12 பல்கலைக்கழகப் பிரிவில் ஆங்கிலம், உயர் சார்புகள், நுண்கணிதமும் திசையன்களும், பௌதிகம், இரசாயனம் என்று ஐந்தும் எடுத்தால் அப்பா கேட்பதும் மகன் கேட்பதும் ஒரே அட்டவணைக்குள் வந்துவிடும்.

ஐஸில் எதைப் பார்ப்பது? கோல், அசிஸ்ட் எண்ணாதீர்கள். தேர்வாளர் பார்ப்பது பக் (ரப்பர் வட்டு) பின்னால் எறியப்படும் அந்த மூன்று நொடியை. உங்கள் மகனின் அணி காக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டுக்கு வெளியே இருந்து எதிரணி பக்கை மூலைக்கு அடிக்கிறது. உங்கள் மகன் திரும்பி ஓடுகிறான். பக்கை எட்டுமுன் குறைந்தது இரண்டு தடவை தோளுக்கு மேலால் பின்னே பார்க்க வேண்டும்: துரத்துகிறவர் எத்தனை பேர், எந்தத் தோள் பக்கம் வருகிறார், தன் ஜோடி எங்கே. அதேநேரம் ஜோடியும் கோலியும் கத்துவார்கள். "வீல்" என்றால் வலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நீயே கொண்டு போ. "ரிவர்ஸ்" என்றால் வந்த பக்கமே சுவரோடு திருப்பி விடு. "ஓவர்" என்றால் மறுபக்க ஜோடிக்கு. பக்கை நேர்கோட்டில் அணுகாமல் சற்று வளைந்து போனால் உடம்பு எதிராளிக்கும் பக்குக்கும் நடுவில் வரும். பார்க்காமல் பக்கை மட்டும் குறிவைத்துப் போகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரடியில் நிற்பான். பக்கும் பறிபோகும், பின்னாலிருந்து மோதலும் விழும். டிஃபென்ஸ் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுவது பல தடவை இந்த இடத்தில்தான்.

ஓர் ஆட்டத்துக்கு ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: பின்னால் போய் எடுத்தது எத்தனை, அதில் தோளுக்கு மேலால் பார்த்தது எத்தனை, முதல் பாஸ் ஆளின் ஸ்ரிக்கில் போய்ச் சேர்ந்தது எத்தனை. ஐந்து ஆட்டம் சேர்த்தால் அவனுக்கும் உங்களுக்கும் படம் தெளியும். இடைவெளியையும் கவனியுங்கள். எதிராளி பக்கோடு வரும்போது ஒரு ஸ்ரிக் முதல் ஒன்றரை ஸ்ரிக் நீளத் தூரத்தில் நின்று நீலக்கோட்டிலேயே மறிக்க வேண்டும். மெல்ல மெல்லப் பின்வாங்கி வலை வரைக்கும் இடம் விடுகிறான் என்றால் பெரும்பாலும் அது பயமல்ல. பின்னோக்கிக் குறுக்குக் கால் போட்டு வேகம் எடுக்கத் தெரியாததுதான் காரணம். அதைத் தனியாகப் பயில வைக்கலாம். காசு செலவழிக்கிறதென்றால் ஷூட்டிங் வகுப்பைவிட இதற்குச் செலவழியுங்கள். வலக்கையால் அடிப்பவனாக இருந்தால் ஒரு சிறு அனுகூலம்: வலக்கை டிஃபென்ஸ் எல்லா மட்டத்திலும் தட்டுப்பாடு.

வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிய ஸ்கேற் வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். காலணிக்குச் சரி, ஸ்கேற்றுக்குச் சரியில்லை. உள்ளே கால் நழுவினால் விளிம்பு ஐஸைப் பிடிக்காது, திரும்பும்போது தள்ளாடும். ஸ்ரிக்கின் விறைப்பைக் காட்டும் ஃபிளெக்ஸ் எண் உடம்பின் எடையில் (இறாத்தலில்) பாதிக்குக் கிட்ட இருக்கட்டும். 130 இறாத்தல் பையனுக்கு 85 ஃபிளெக்ஸ் வாங்கிக் கொடுத்தால் அது வளையவே வளையாது.

அடுத்த வருட அணியைப் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். பெரிய கிளப்பில் ஆறாவது, ஏழாவது ஆளாகப் பெஞ்சில் இருப்பதைவிட, சற்றுத் தாழ்ந்த அணியில் முதல் நான்குக்குள் ஆடி, தண்டனையால் ஆள் குறைந்த நேரத்திலும் கடைசி இரண்டு நிமிடத்திலும் ஐஸில் நிற்பது நல்லது. பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள்: "ஆறு பேரையும் சுழற்றுவீர்களா, மூன்றாம் பீரியட்டில் நான்காகக் குறைப்பீர்களா?" கோடையில் வரும் காட்சிப் போட்டி அழைப்புகளில் பல வெறும் வியாபாரம். ஆறு முதல் எட்டு வாரம் ஸ்கேற்றைக் கழற்றி வைத்து வேறு விளையாட்டு ஆடட்டும். வருடம் முழுக்க ஐஸிலேயே கிடக்கும் பிள்ளைகளுக்கு இடுப்பும் தொடை இடுக்கும் கெடும். ஆலோசகர் என்று வருகிறவர் முன்பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள். என்எச்எல் ஆட்டக்காரர் சங்கம் சான்றளித்த முகவர்கள் பிற்பாடு வரும் ஒப்பந்தத்தில்தான் வீதம் எடுப்பார்கள்.

தலையில் அடிபட்டால் ஒன்ராறியோவின் ரோவன் சட்டப்படி உடனே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், முழுப் பயிற்சிக்குத் திரும்ப மருத்துவரோ நேர்ஸ் பிறக்ரிஷனரோ அனுமதிக்க வேண்டும். தேர்வாளர் வந்திருக்கும் ஆட்டத்தில் பிள்ளை தலைவலியை மறைப்பான். "அடிபட்டதைச் சொன்னால் உன்னை ஏச மாட்டோம்" என்று இப்போதே, வீட்டில் வைத்துச் சொல்லி வையுங்கள்.

தரம் 10 பாடத்தெரிவுப் படிவம் குளிர்காலத்தில் வரும், சீசன் உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில். அதை அவன் பஸ்ஸில் இருந்து தொலைபேசியில் நிரப்ப விடாதீர்கள். அந்தப் பட்டியலையும் என்சிஏஏ பாடப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூவரும் மேசையில் இருந்து நிரப்புங்கள்.