கானாவின் கேப் கோஸ்ட், எல்மினா என்ற அடிமை வணிகக் கோட்டைகள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியும். கேப் கோஸ்ட்டிலிருந்து எல்மினாவுக்குக் காரில் சிறிது நேரப் பயணம்தான். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். தலைநகர் அக்ராவில் வேலை பார்த்தபோது ஒரு சனிக்கிழமை நான் அப்படித்தான் கிளம்பினேன். கேப் கோஸ்ட்டைப் பார்த்துவிட்டுப் போனதில், எல்மினாவில் கண் பார்த்ததே தவிர மனதில் ஒன்றும் ஏறவில்லை.

கேப் கோஸ்ட் கோட்டை வெளிப்பார்வைக்கு வெள்ளையடித்த அழகான கட்டடம். கடலை நோக்கி வரிசையாகப் பீரங்கிகள். ஆண்களை அடைத்த நிலவறைக்குச் சரிவில் இறங்கவேண்டும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உயரத்தில் சில துளைகள், அவ்வளவுதான். வழிகாட்டி விளக்கை அணைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றதற்கே எனக்கு மூச்சு முட்டியது. மீண்டும் விளக்கைப் போட்டுத் தரையைக் காட்டினார். ஓரிடத்தில் மட்டும் சுரண்டியெடுத்துப் பழைய தளத்தைத் தெரியவைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் நாங்கள் மிதித்து நின்றது, அடைபட்டிருந்தவர்களின் கழிவு இறுகிக் கெட்டியான படிவு. என் பக்கத்தில் நின்றவர் சட்டென்று காலைத் தூக்கினார். வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அங்கேயே வைத்தார்.

நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்ததாம்.

வெள்ளைக்காரன் செய்த பாவம், நமக்கென்ன என்று தள்ளிவிடவும் முடியாது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த சரக்கில் துப்பாக்கி, சாராயத்தோடு மாலத்தீவுச் சோழியும் நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் உண்டு. தறியில் உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கப்பலுக்குக் கொண்டுபோன வாசலுக்குத் 'திரும்பி வராத வாசல்' என்று பெயர். கதவைத் திறந்தால் மீன்பிடித் துறை: வண்ணம் பூசிய படகுகள், காயும் வலைகள், மீன் வாடை. உள்ளே திரும்பும்போதுதான் கதவின் வெளிப்பக்கப் பலகையைக் கவனித்தேன்: 'திரும்பி வரும் வாசல்'. 1998-இல் ஜமைக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அடிமைகள் இருவரின் எச்சங்களைக் கொண்டுவந்து, இந்த வாசல் வழியாகவே உள்ளே எடுத்துவந்திருக்கிறார்கள். அவர்களைப் பிறகு அடக்கம் செய்தது அசின் மான்சோவில். உள்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டிவந்தவர்களைக் கடைசியாகக் குளிக்கவைத்த ஆறு அங்கேதான் ஓடுகிறது.

அதனால் முதலில் அசின் மான்சோ, பிறகு கேப் கோஸ்ட் என்று போங்கள். அடிமைகளைக் கூட்டிவந்த வரிசையும் அதுதான். 1482-இல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கிய எல்மினாவை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெண்களை நிறுத்திய முற்றத்துக்கு மேலே ஆளுநரின் மாடம் இருக்கிறது. முதலில் முற்றத்தில் நின்று மேலே பாருங்கள், பிறகு மாடத்துக்கு ஏறுங்கள்.