பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை, ஐயா

"டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கோட்டிங் பட்டறையில் அப்ரெண்டிஸாகச் சேரப் போகிறானாம். பெயின்ட் அடிக்கவா மூன்று வருஷம் படிக்க வைத்தேன்?" என்று குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவன் சேரப் போவது தெர்மல் ஸ்ப்ரே, அதாவது உலோகப் பொடியையோ கம்பியையோ சூடாக்கி, பாகத்தின்மேல் வேகமாகப் பீய்ச்சிப் படியவைக்கிற வேலை. அதற்கும் பெயின்ட்டுக்கும் வெகு தூரம்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 30, 40 சதவீதம்கூட இருக்கும். அனல்மின் நிலையத்தில் அந்தச் சாம்பல் ராட்சச ஃபேனின் பிளேடை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் அரித்துவிடும். அந்த மாதிரி ஃபேன்களைச் செய்வது உங்கள் பக்கத்து ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலைதான். தேய்மானம் தாங்க, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் பொடியைச் சூடாக்கி, நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் இரும்பின்மேல் அறைகிறார்கள். தெர்மல் ஸ்ப்ரேயில் இந்த அதிவேக முறைக்கு எச்விஓஎஃப் (HVOF) என்று பெயர். படிகிற கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். துருவைத் தடுக்க என்றால் துத்தநாகம், அலுமினியம் பூசுவார்கள்.

குரோமியக் கழிவு மண்ணையும் நீரையும் எப்படிக் கெடுக்கும் என்று ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தேய்மானம் தாங்க மின்சாரம் பாய்ச்சிக் குரோமியம் பூசுகிற ஹார்டு குரோம் பிளேட்டிங் தொட்டியில் இருப்பதும் அதே நச்சு வகைதான். அதற்கு மாற்றாக விமானச் சக்கரக் கால்களுக்கே இந்தக் கோட்டிங் வந்துவிட்டது.

ஒரு பட்டறையில் நான் பார்த்தது: பம்ப் ஸ்லீவ் (பம்ப் தண்டின்மேல் மாட்டுகிற உறை) ஒன்று, நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்து வந்திருந்தது. லேத்தில் சமன் செய்து, கிரிட் பிளாஸ்டிங் (கூரான துகள்களை வேகமாக வீசுவது) அடித்து, முகத்தைச் சொரசொரப்பாக்கினார்கள். புதிதாக வந்த தம்பி ஒருவன் வெறுங்கையால் அதை எடுத்தான். ஃபோர்மேன் போட்ட சத்தம் கேட் வரை கேட்டது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கோட்டிங் ஒட்டாது, திரும்பவும் பிளாஸ்டிங். அழுக்கு வேலைதான், ஆனால் தொழிலின் உயிர் அதில்தான். அதற்காக அப்ரெண்டிஸ் காலம் முழுக்க பிளாஸ்டிங்கிலேயே நிறுத்திவிட்டால் பையன் வீண். கோட்டிங்கைப் பீய்ச்சுகிற கன் பிடிக்க, கிரைண்டிங் செய்ய, ஒட்டுப்பிடிப்பும் கடினத்தன்மையும் சோதிக்கக் கற்றுத்தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

உதவித்தொகை பெரிதாக இருக்காது. மேலே படிக்க ஆசை வந்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். மெட்டலர்ஜி (உலோகவியல்) என்றால் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. சென்னையில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பையனுக்கே அதில் நாட்டமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் எதற்கு?

சரி, சேர்க்கும் முன் ஒருமுறை நேரில் போய் வாருங்கள், பட்டறை ஓடுகிற நாளாகப் பார்த்து. எச்விஓஎஃப் சத்தம் 120 டெசிபலைத் தாண்டும். கன் தனி அறைக்குள் ஓடுகிறதா, தூசியை இழுக்க டஸ்ட் கலெக்டர் இருக்கிறதா, பிள்ளைகள் காதிலும் மூக்கிலும் ஏதாவது மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். திறந்த ஷெட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள் என்றால், பேசாமல் பையனைக் கூட்டிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.