இறுக்க இறுக்கக் கசியும்: சி-பாப் மாஸ்க் குறித்து வாசகர் கேள்விகள்

ஸ்லீப் ஏப்னியாவுக்காக, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய்க்காக, மாஸ்க் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சி-பாப் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்த முறை எழுதிய கடிதங்களில் இயந்திரத்தைப் பற்றிய குறை அநேகமாக இல்லை. மூக்குத் தண்டு புண்ணாகிறது, கண் எரிகிறது, நள்ளிரவில் என்னையறியாமல் கழற்றி எறிந்துவிடுகிறேன் என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவை எல்லாம் மாஸ்க்கைப் பற்றியவையே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். காற்றழுத்தத்தைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. உங்கள் தூக்கப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் காற்று கசிகிறது. மூக்குத் தண்டில் தோல் உரிந்துவிட்டது. இன்னும் சிறிய அளவு மாஸ்க் வாங்கலாமா? (அம்மாப்பேட்டை)

வாங்குவதற்கு முன்பு பட்டையைத் தளர்த்துங்கள். நீங்கள் இறுக்கியதால்தான் கசிகிறது. மாஸ்க்கின் சிலிக்கோன் குஷன் குக்கர் மூடியின் கேஸ்கட்டைப் போல அழுத்தி அடைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. காற்று உள்ளே வந்ததும் அதன் மெல்லிய உள்மடிப்பு உப்பி, முகத்தின் மேடு பள்ளங்களில் தானாகப் படிந்துகொள்ளும். பட்டையை இழுத்துக் கட்டினால் அந்த மடிப்பு நசுங்கிச் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடத்தில் காற்று கசியும். கசிகிறதே என்று இன்னும் ஒரு சுற்று இறுக்குவீர்கள்.

சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு பெரியவர், தறி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதே நிலையில்தான் இருந்தார். மூக்குத் தண்டில் பத்து பைசா அளவுக்குப் புண்; இரண்டு கன்னங்களிலும் பட்டை பதிந்த தடம் காலை பத்து மணிக்கும் மறையவில்லை. அவரைப் படுக்கவைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, நான்கு பட்டைகளையும் காற்று நன்றாகச் சீறும் வரை தளர்த்தினேன். பிறகு மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, குஷன் முழுவதும் உப்பியதும் மெதுவாகத் திரும்ப உட்காரவைத்தேன். கீழ்ப்பட்டைகளை இருபுறமும் சமமாக, சிறிது சிறிதாக இழுத்தபோது, அவர் வீட்டில் போட்டிருந்த அளவுக்கு இரண்டு விரற்கடை முன்பாகவே கசிவு நின்றுவிட்டது. இவ்வளவு தளர்வாகவா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

இதை உட்கார்ந்த நிலையில் செய்யாதீர்கள். படுத்ததும் கன்னச் சதை பக்கவாட்டில் இறங்கி முகத்தின் வடிவமே மாறும். மாஸ்க்கைச் சரிசெய்வது படுத்த நிலையில், நீங்கள் வழக்கமாகத் தூங்கும் தலையணையில், இயந்திரம் உங்கள் இரவு அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடக்க வேண்டும். பல இயந்திரங்களில் இதற்கென்றே ‘மாஸ்க் ஃபிட்’ என்ற வசதி இருக்கிறது. புண் ஆறும் வரை மெல்லிய ஹைட்ரோகொலாய்டு ஒட்டு (புண்ணை மூடிக் காக்கும் ஜெல் ஒட்டு) ஒன்றை மூக்குத் தண்டில் ஒட்டிக்கொள்ளலாம். முடிந்தால் மூக்குத் தண்டைத் தொடாத வேறு வகை மாஸ்க்கைச் சில நாள் பயன்படுத்துங்கள். சர்க்கரை நோய் இருப்பவர் அந்தப் புண்ணைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாஸ்க் சரியில்லை. என்ன செய்வது? (கொண்டலாம்பட்டி)

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கா, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவதா, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோவா, என்ன அளவு, எந்த இடத்தில் கசிகிறது, காலையில் இயந்திரத்தின் திரை காட்டும் கசிவு எவ்வளவு என்பவற்றை எழுதுங்கள். அறுபதாயிரம் ரூபாய் செலவழித்து வாங்கிய இயந்திரத்தைப் பற்றி ஐந்து வரி எழுதச் சோம்பல் கூடாது.

நான் ஏழுகல் மூக்குத்தி அணிந்திருக்கிறேன். அந்தப் பக்கம் மட்டும் காற்று கண்ணில் அடிக்கிறது. இரவில் கழற்றியே ஆக வேண்டுமா? (குகை)

ஆம், கழற்றத்தான் வேண்டும். மூக்கு மாஸ்க்கின் விளிம்பு மூக்கு மடலை ஒட்டிய பள்ளத்தில்தான் படிகிறது. கல் அந்த விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்று மேல்நோக்கிக் கண்ணுக்குப் போகிறது. இப்படியே விட்டால் கண் உலர்ந்து சிவக்கும். பல ஆண்டுகளாகப் போட்ட துளை ஓர் இரவில் தூர்ந்துவிடாது. துளை தூர்ந்துவிடுமோ என்று பயந்து வேப்பங்குச்சி செருகிக்கொண்டு மாஸ்க் போடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். குச்சியின் முனை சிலிக்கோனைக் கிழித்துவிடும் என்பதுடன், அது உள்ளே நழுவினால் பெரிய தொல்லை. கழற்றுவது குடும்ப வழக்கத்துக்கு ஒவ்வாது என்றால், மூக்குத் துளைகளுக்குக் கீழே மட்டும் பொருந்தும் நேசல் பில்லோவைக் கேட்டு வாங்கி, திருகு உள்ளே இடிக்காத சிறிய ஒற்றைக்கல் மூக்குத்தியுடன் போட்டுப் பாருங்கள்.

மீசையை எடுத்தே தீர வேண்டும் என்கிறார்கள். (ஆத்தூர்)

வேண்டியதில்லை. அடர்ந்த மீசைக்கு மேல் மூக்கு மாஸ்க் சரியாகப் படியாது என்பது உண்மை. நேசல் பில்லோ பெரும்பாலும் படியும்.

ஏற்காட்டில் குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் தேங்கி, விடியற்காலையில் மூக்கில் தெறிக்கிறது. கசிவு என்று நினைத்து மாஸ்க்கை இறுக்கினேன். (ஏற்காடு)

மறுபடியும் இறுக்குவது! ஹியூமிடிஃபயரில் (காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியில்) சூடேறி ஈரத்துடன் வரும் காற்று, உங்கள் அறையின் குளிரில் நீண்ட குழாய் வழியே வரும்போது ஆறி, ஈரம் நீராகப் படிகிறது. இயந்திரத்தைக் கட்டிலின் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். தேங்கிய நீர் திரும்பிப் போகும். குழாயைப் போர்வைக்குள் விடுங்கள் அல்லது கம்பளித் துணியால் உறை தைத்துப் போடுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால் ஈரப்பதத்தை ஒரு படி குறைக்கலாம். சூடாகும் குழாய் உங்கள் இயந்திரத்துக்குக் கிடைக்குமானால் மலையில் வசிப்பவர்களுக்கு அது வீண்செலவு ஆகாது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். இப்போதைய இயந்திரங்களில் பெரும்பாலானவை உயரத்துக்கேற்பத் தாமாகவே திருத்திக்கொள்ளும். பழைய சிலவற்றில் நாம்தான் குறிக்க வேண்டும்.

தொட்டியில் ஊற்றுவது காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். சேலத்துப் போர் தண்ணீர் ஒரே வாரத்தில் வெள்ளைப் படிவம் ஏற்றிவிடும். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீரை வாங்கி ஊற்றாதீர்கள், அது மூச்சில் கலப்பதற்காகத் தயாரித்ததன்று.

வாயைத் திறந்து தூங்குகிறேன் என்று சொன்னதும் மூக்கையும் வாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கைக் கொடுத்துவிட்டார்கள். முகமெல்லாம் வலி, அழுத்தத்தையும் இரண்டு முறை கூட்டிவிட்டார்கள், குறட்டை நிற்கவில்லை. (அஸ்தம்பட்டி)

இந்தக் கடிதத்தை நான் எத்தனையாவது முறையாகப் படிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இயந்திரத்தைக் கொண்டுவருபவர், “வாய் திறப்பீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்கிறார், குறட்டை விடுகிற எவரும் ஆம் என்றுதான் சொல்வார், உடனே பெட்டியிலிருந்து பெரிய மாஸ்க் வெளியே வருகிறது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து மாட்டி, கசியாத வரை இறுக்கி, பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நோயாளி இரண்டே மாதத்தில் இயந்திரத்தைப் பீரோவின் மேல் ஏற்றிவிடுகிறார். அதன் பிறகு இரத்த அழுத்தம் அடங்கவில்லை என்று வருகிறவரிடம் சி-பாப் என்ன ஆயிற்று என்று கேட்டால், “அது எனக்கு ஒத்துவரவில்லை, டாக்டர்” என்கிறார். ஒத்துவராதது மாஸ்க் மட்டுமே என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தச் சிகிச்சை பிறந்ததே மூக்கு வழியாகத்தான். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இதை முதன்முதலாக வெளியிட்டபோது, மூக்குத் துளைகள் வழியே செலுத்திய அழுத்தம் என்றே கட்டுரையின் தலைப்பில் எழுதினார்கள். அதற்குக் காரணம் உண்டு. மூக்கு வழியே வரும் அழுத்தம் மென்னண்ணத்தையும் (வாயின் மேற்கூரையில் பின்பக்கத்து மென்மையான பகுதி) நாக்கையும் முன்னால் தள்ளித் தொண்டையைத் திறக்கிறது. அதே தள்ளுதல் வாய்ப்பக்கத்தையும் ஓரளவு அடைத்துவிடுகிறது. மூக்கிலும் வாயிலும் ஒரே அழுத்தம் இருந்தால் அந்தத் தள்ளுதல் குறைந்துபோகிறது. அதற்கு மேல், பெரிய மாஸ்க்கின் பட்டை தாடையைப் பின்னோக்கி இழுப்பதால் நாக்கும் பின்னால் சரிந்து, எந்த இடத்தைத் திறக்க வேண்டுமோ அந்த இடமே குறுகலாம். உங்களுக்கு அழுத்தத்தைக் கூட்டியும் குறட்டை நிற்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். பெரிய மாஸ்க் போடுபவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது, கசிவும் கூடுதல், தொடர்ந்து பயன்படுத்துவோரும் குறைவு என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்திருக்கின்றன. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமியின் 2019 வழிகாட்டுதலும் தொடக்கத்தில் பொதுவாக மூக்கு வகை மாஸ்க்கையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

வாய் ஏன் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மூக்கு அடைத்திருப்பதால்தான் திறக்கிறது. சித்திரை வெயிலில் சேலத்தின் வறண்ட காற்றும் தூசியும் மூக்குச் சவ்வை வீங்கவைக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் எழுதித் தரும் மூக்கு ஸ்பிரேயை இரண்டு மூன்று வாரம் விடாமல் அடிப்பதும், ஹியூமிடிஃபயரை ஒரு படி கூட்டுவதும் பலருக்குப் போதும். ஏப்னியா கட்டுப்பட்டதும் வாய் திறப்பது தானாகக் குறைவதையும் பார்க்கிறோம். அதன் பிறகும் திறந்தால் மென்மையான தாடைப் பட்டை இருக்கிறது. வாயில் பிளாஸ்திரி ஒட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மூக்கு அடைத்திருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். இதை எல்லாக் கடிதங்களிலும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். மூக்கின் நடுச்சுவர் உள்ளே நன்றாக வளைந்து மூக்கு வழியே மூச்சே போகாதவர்களுக்கும், மேலே சொன்ன எல்லாவற்றையும் முயன்று தோற்றவர்களுக்கும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் தேவை. அவர்களுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் இருக்கிறீர்களா என்று இதுவரை யாரும் சோதிக்கவில்லை. மூக்கைக் காட்டிவிட்டு, ஒரு மூக்கு மாஸ்க்கைச் சில இரவுகள் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். மாஸ்க் வகையை மாற்றினால் அழுத்தத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

மாஸ்க்கின் முன்பக்கத் துளைகளிலிருந்து வரும் காற்று மனைவியின் முகத்தில் அடிக்கிறது. டேப் ஒட்டிவிட்டேன். இப்போது காலையில் தலைவலி. (ஓமலூர்)

இன்றே பிரித்துவிடுங்கள். நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு போக வேண்டிய வழி அது. அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். தலைவலி அதனாலேயே வந்திருக்கலாம். காற்று யார் மேல் அடித்தாலும் சரி, அந்தத் துளைகளை அடைக்கக் கூடாது. மறுபக்கம் திரும்பிப் படுங்கள், அல்லது காற்றைப் பரப்பி விடும் துளையமைப்பு உள்ள மாஸ்க்கைத் தேடுங்கள்.

இரண்டே மாதத்தில் குஷன் மஞ்சளாகி வழுக்குகிறது. போலி மாஸ்க்கா? (எடப்பாடி)

தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம், இரண்டோடும் படுக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் சிலிக்கோனைக் கெடுக்கும், பட்டையின் பிடிப்பையும் குறைக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் நன்றாகப் போகும்படி அலசிவிட்டு, கூந்தல் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். குஷனைத் தினமும் காலையில் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போடாதீர்கள், சானிடைசர், டெட்டால், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். குஷன் தளர்ந்துவிட்டால் எப்படிக் கட்டினாலும் பயனில்லை, குஷனை மட்டும் தனியாக மாற்றுங்கள்.

மைத்துனர் பயன்படுத்திய மாஸ்க்கை நான் போடலாமா? (ஜாகீர் அம்மாபாளையம்)

கூடாது. அவர் முகம் வேறு, உங்கள் முகம் வேறு, சுத்தமும் இல்லை.

மாஸ்க்கை மாட்டியதும் மூச்சு முட்டுவது போலப் பயம் வருகிறது. (சூரமங்கலம்)

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் உள்ளதன்று, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஒரு வாரம் இரவை மறந்துவிடுங்கள். மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது, குழாயை இணைக்காமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் இருங்கள். மறுநாள் பட்டையோடு, அதற்கடுத்த நாள் காற்றோடு, பிறகு பகலில் படுத்தபடி அரைமணி நேரம். பட்டையின் கொக்கியை ஒரே கையால் கழற்றப் பழகிக்கொள்ளுங்கள். எந்த நொடியும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். அழுத்தம் மெதுவாக ஏறும் ‘ராம்ப்’ வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கமாகக் கட்டியிருந்தால் இந்தப் பயம் இரட்டிப்பாகும் என்பதால், முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

மின்சாரம் போனால்? (ஏற்காடு, நாகலூர்)

ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் அதற்கென்று ஒரு வால்வு இருக்கிறது, தானாகத் திறந்துகொள்ளும். மூக்கு மாஸ்க்கில் வாய் வழியே மூச்சு வரும். மூச்சு நின்றுவிடாது, ஆனால் சிகிச்சை நின்றுவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி போகிற ஊர் என்பதால், இன்வெர்டரில் இணைக்க முடியுமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தந்தைக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் போடலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

வேண்டாம். காந்தம் இல்லாத கொக்கி உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். அவர் அருகில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே பதில்தான்.

தந்தைக்குப் பல்செட் உண்டு. கடையில் சரியாக இருந்த மாஸ்க் வீட்டில் கன்னத்தில் கசிகிறது. (தாரமங்கலம்)

கடையில் பல்செட்டோடு அளவு பார்த்திருப்பார்கள், வீட்டில் அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படுக்கிறார். பல்செட் இல்லாமல் கன்னம் உள்வாங்கிவிடும். அவர் எப்படித் தூங்குகிறாரோ அப்படியே, பல்செட் இல்லாமல், படுக்கவைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு மறுபடி அளவு பாருங்கள்.