பிரியெனின் தோள்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 19 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். இந்த லீவில்தான் கேம் ஒஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கில ரீவித் தொடரை முழுதாகப் பார்த்து முடித்தேன். அதில் கவசம் போட்டு வாளெடுத்துச் சண்டை போடுகிற உயரமான பெண் பிரியெனைப் பார்த்த நாளிலிருந்து வேறு எதையும் கீறக் கை போகவில்லை. இரண்டு சித்திரக் கொப்பி முடிந்துவிட்டது. என் உயரம் 5 அடி 10 அங்குலம். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. அவளை எனக்கு இவ்வளவு பிடித்ததற்கு அதுதான் காரணமோ தெரியாது.

மூன்று கேள்விகள். மாமா என் கொப்பியைப் பார்த்துவிட்டு "இது கொப்பி அடிக்கிற வேலை, சொந்தமா எதையாவது கீறு" என்கிறார். அவர் சொல்வது சரியா? இரண்டாவது, போனில் ஸ்டில்லை வைத்துக் கட்டம் போட்டுக் கீறினால் முகம் அச்சாக வருகிறது, ஆனால் அது அவள் இல்லை. தோளும் ஏ4 தாளுக்குள் அடங்குவதில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறுக்கிவிடுகிறேன். மூன்றாவது, கூட்டாளிகள் பிரிண்ட் எடுத்துத் தரச்சொல்லிக் காசும் தருகிறார்கள். விற்கலாமா?

பெயர் போட வேண்டாம், அக்கா.

வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தோள்தான்.

பிரியெனை வரைகிற பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கழுத்தைக் கொஞ்சம் நீட்டுவார்கள், தோளைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார்கள், உதட்டுக்கு ஒரு மினுக்கம் கொடுப்பார்கள், முடிவில் கவசம் மாட்டிய ஒரு சினிமாக் கதாநாயகி வந்து நிற்பாள். எல்லாம் அன்பில்தான் செய்கிறார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் முதல் படத்திலும் கழுத்து அப்படித்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையை எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1998இல் வந்த இரண்டாவது புத்தகத்தில் அவளை அறிமுகப்படுத்தும்போது உடைந்து கோணிய மூக்கு, பெரிய வாய், முகமெல்லாம் புள்ளி, அகன்ற உடம்பு என்றுதான் எழுதுகிறார், அழகென்று அவர் விட்டுவைத்தது அந்த நீலக் கண்களை மட்டும். தொடரில் 2012இல், இரண்டாவது சீசனில், முகம் மூடிய தலைக்கவசத்தோடு சண்டைக்களத்தில் ஒருவனை நிலத்தில் சாய்த்துவிட்டு அவள் கவசத்தைக் கழற்றுகிற அந்த இடம் ஏன் அப்படி ஏறி அடிக்கிறது? அதுவரை அந்த உடம்பைப் பார்த்து யாரும் பெண் என்று நினைத்திருக்கமாட்டார்கள். பிரியெனாக நடித்த க்வெண்டலின் கிறிஸ்டி 6 அடி 3 அங்குலம். அந்த வேடத்துக்காக நீண்ட முடியை வெட்டிக்கொண்டார். பிரியெனுக்குக் கிடைக்கிற கேலி, அவமானம், கடைசியில் அந்த மரியாதை எல்லாமே அந்தத் தோளில்தான் வந்து இறங்குகின்றன. தோளைக் குறுக்கினால் கதையும் சேர்ந்து குறுகிவிடும். ஆகவே அவளைத் திருத்தாதீர்கள். உங்களை யாராவது அப்படித் திருத்தி வரைந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்கத் தேவையில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். கட்டம் போட்டுக் கீறுவதில் தவறில்லை, கை பழகும். ஆனால் ஸ்டில்லில் இருப்பது ஒரு கணத்து வெளிச்சமும் நிழலும்தான். அதை அப்படியே எடுத்தால் வெளிச்சமும் நிழலும் வரும், ஆள் வரமாட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் அவள் எப்படி நிற்கிறாள் என்று குச்சி உருவமாகக் கீறுங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது? இடுப்பு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது? இது பிடிபடவில்லை என்றால் ஒருநாள் கொச்சிக்கடைக்குப் போய், பொன்னம்பலவாணேஸ்வரத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். முழுக் கோயிலும் கருங்கல். வாயிலில் நிற்கும் துவாரபாலகரைப் பாருங்கள், தூண்கள் பாரத்தை நிலத்துக்கு இறக்குகிற விதத்தைப் பாருங்கள். உள்ளே கொப்பியைத் திறக்க வேண்டாம், பார்த்துவிட்டு வந்து வீட்டில் கீறுங்கள். கனமான உருவம் எப்படி நிலத்தை நம்பி நிற்கிறது என்பதை எனக்கு அந்தக் கல் சொல்லித்தந்த அளவுக்கு எந்த வீடியோவும் சொல்லித்தரவில்லை.

கவசத்துக்கு இறால். நிஜமாகத்தான் சொல்கிறேன், வீட்டில் அடுத்தமுறை இறால் வாங்கும்போது சுத்தம் பண்ண முன்னர் ஒன்றை எடுத்து மடக்கிப் பாருங்கள். ஒரு ஓடு அடுத்த ஓட்டுக்குக் கீழே வழுக்கிப் போகும். தோள்கவசத்தின் தகடுகளும் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும், அதனால்தான் கையைத் தூக்க முடிகிறது. நிறையப் பேர் தகடுகளை அலங்காரக் கோடு மாதிரி கீறிவிடுகிறார்கள், அந்தக் கவசத்தோடு யாராலும் வாள் சுழற்ற முடியாது.

உலோகத்தின் பளபளப்புக்கு விரலால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் சாம்பல் பூசிய மாதிரி வரும். சமையலறையில் இருக்கிற சில்வர் கேத்தலை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மிகக் கறுப்பான ஒரு பட்டை, அதற்கு ஒட்டினாற்போல் மிக வெள்ளையான ஒரு பட்டை, இடையில் எதுவுமில்லை. அந்த விளிம்பைத் துணிந்து கூராகக் கீறினால் அது இரும்பு. 6பி பென்சிலை, அதுதான் மென்மையாக நல்ல கறுப்பாக எழுதும் பென்சில், அழுத்திப் போடவேண்டிய இடத்தில் அழுத்திப் போடுங்கள், வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விடுங்கள். அழிரப்பரால் பிறகு வெள்ளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது மங்கித்தான் வரும்.

முகம் கடைசியில் வரட்டும். அதைச் சொல்ல மாமாவின் கேள்விக்குள் போகவேண்டும்.

அவர்மேல் கோபப்படாதீர்கள், அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் அவரோடு நான் உடன்படவில்லை. எங்கள் அம்மம்மா ஐம்பதுகளில் இந்தியாவிலிருந்து வரும் கல்கி இதழுக்காகக் காத்திருந்தவர். பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் குந்தவையின் கொண்டையைக் கீறி வைத்திருந்தார். கொண்டை மட்டும், எட்டோ ஒன்பதோ, ஒவ்வொன்றிலும் பூ வேறு இடத்தில். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தை வரைவதற்கு ஃபேன் ஆர்ட் என்று ஒரு சொல் இருப்பது அவருக்குத் தெரியாது. கதையில் வந்த ஒருத்தி மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறாள், கை தானாகப் பென்சிலை எடுக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் பொரளை கோதமி விகாரைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். 1939–40இல் ஓவியர் ஜோர்ஜ் கீட் அங்கே சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்திருக்கிறார். களனி விகாரைச் சுவர்களில் சோலியஸ் மெண்டிஸும் புத்தர் இந்தத் தீவுக்கு வந்த கதையை வரைந்திருக்கிறார். கதை இரண்டு பேருடையதும் இல்லை, எத்தனையோ நூற்றாண்டாக எல்லோரும் வரைந்த கதை. ஆனால் கீட்டின் கோடு வளைகிற விதம் மெண்டிஸின் சுவரில் இல்லை, மெண்டிஸின் சுவரில் இருக்கிற அமைதி கீட்டிடம் இல்லை. பக்தியும் ரீவித் தொடர் மீதான பிரியமும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. கதை யாருடையது என்பது வேறு, கோடு யாருடையது என்பது வேறு என்றுதான் சொல்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு படம். அதைப்பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2019 ஏப்ரல் 21. பிரியெனுக்கு வீரர் (நைட்) பட்டம் கொடுக்கிற எபிசோட் அமெரிக்காவில் ஒளிபரப்பான நாள் அது. இங்கே அது உயிர்த்த ஞாயிறு. நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். காலையில் அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கமிருந்து அந்தக் குண்டுவெடிப்புச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்களை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை, உங்களுக்கு அப்போது நினைவு தெரிந்த வயதுதான். ஊரடங்கு, ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இல்லை, யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று ஒவ்வொரு வீடாகத் தெரியவந்துகொண்டிருந்தது. நான் பென்சிலைத் தொடவில்லை. தொடுவதே தப்பு மாதிரி இருந்தது.

மே நடுவில் கலவரம் வந்து நாடு முழுக்க மறுபடியும் ஊரடங்கு போட்டார்கள். அன்றிரவு நித்திரை வராமல் தம்பியின் லப்டொப்பில் அந்த எபிசோடைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், விடியமுன் சாவு வந்துவிடும் என்று தெரிந்த ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ ஏன் வீரர் இல்லை என்று அவர்களில் ஒருவனான டோர்மண்ட் அவளிடம் கேட்கிறான். பெண்களுக்கு அந்தப் பட்டம் இல்லை, வழக்கம் அப்படி. எனக்கு அதில் ஆசையுமில்லை என்று அவள் சொல்லிவிட்டு தன் உதவியாளன் பொட்ரிக்கைப் பார்க்கிறாள், அந்தப் பார்வையில் ஆசை அப்படியே தெரிந்துவிடுகிறது. ஏற்கெனவே வீரர் பட்டம் பெற்ற ஜேமி லானிஸ்டர் அவளை முழந்தாளிடச் சொல்லி வாளைத் தோளில் வைக்கிறான். அவள் எழுந்து நிற்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, தொடர் முழுக்க அவள் யாருக்கும் காட்டாத சிரிப்பு. வெளியே தெருவில் ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் ஒருத்திக்குச் சேரவேண்டிய மரியாதையை நாளைக்கு என்று தள்ளிவைக்காமல் அந்த இரவிலேயே கொடுத்துவிடுகிறார்களே என்று எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. லைட்டை அணைத்தேன். மெழுகுதிரி கொளுத்தி, நெருப்பு உலோகத்தில் எப்படி விழும் என்று பார்க்கக் கேத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடியும்வரை கீறினேன்.

முகம்தான் வரவில்லை. ஸ்டில்லை நிறுத்திப் பார்த்து மூன்றுமுறை கீறி மூன்றுமுறை அழித்தேன். சிரிப்பு வாயில் இருந்தது, ஆனால் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, தங்கையின் பட்டமளிப்பு அன்று அம்மா எப்படி நின்றார் என்பது. பெருமையைக் காட்டக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார், உதடு இறுகித்தான் இருந்தது, ஆனால் கன்னம் ஏறி கீழ் இமையைத் தள்ளிவிட்டது, கண் சிறுத்துப்போயிற்று. உண்மையான சிரிப்பு அங்கேதான் தெரியும், கீழ் இமையில். அந்த இமையை அம்மாவிடமிருந்து எடுத்துப் பிரியெனுக்கு வைத்தேன். எலும்பும் மூக்கும் முடியும் கிறிஸ்டியுடையவை, அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுச் சிரிப்பு. காலையில் அம்மா பார்த்துவிட்டு, யாரென்று கேட்கவில்லை, "இவவுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டார்.

மாமா சொல்கிற "சொந்தம்" எங்கே இருக்கிறது என்று இப்போது பாருங்கள். ஸ்டில்லில் இல்லாத ஒன்றை நீங்கள் கொண்டுவந்து வைக்கிற இடத்தில் இருக்கிறது. உங்களிடம் அது நிறையவே இருக்கிறது. பஸ்ஸில் தலை தட்டாமல் குனிந்து நிற்பது, குழுப் படத்தில் எப்போதும் பின்வரிசைக்கு அனுப்பப்படுவது, உயரம் தெரியக்கூடாது என்று தோளைக் கூனிக்கொள்வது, இவை எல்லாம் உடம்புக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் ஐந்தடி. உங்களுக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று அவள் முழந்தாளிட்டு எழுகிற மாதிரி எழுந்து பார்த்து அதைக் கீறுங்கள். அந்தப் படத்தை என்னால் கீற முடியாது.

விற்பதைப் பற்றி: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கதாபாத்திரத்தின் உரிமை எழுத்தாளருக்கும் தொடரை எடுத்த எச்.பி.ஓ. நிறுவனத்துக்கும் உரியது, ஸ்டில்லுக்குத் தனி உரிமை இருக்கிறது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நியாயமான பயன்பாடு என்று அது ஒரு வழியை விடுகிறது, ஆனால் அப்படிப் பார்க்கும்போது காசுக்காகச் செய்ததா என்பதும் கவனிக்கப்படும். லங்கா கொமிக் கொன் மாதிரி ரசிகர் கூடும் விழாக்களில் மேசை போட்டு விற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஸ்டில்லைக் கட்டம் போட்டு எடுத்த படத்துக்குக் காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டாளிகளுக்கு ஆளுக்கொன்று சும்மா கீறிக்கொடுங்கள், பிரிண்ட் வேண்டாம், கையால். பத்துப் பேர் கேட்டால் பத்துமுறை கீறுவீர்கள், பத்தாவது படத்தில் உங்கள் கை எங்கேயோ போயிருக்கும்.

கடைசியாக அந்த ஏ4. தோள் தாளுக்குள் அடங்கவில்லை என்றால் தாளைத்தான் மாற்றவேண்டும். புறக்கோட்டையில் கடதாசிக் கடைகளில் பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த தாள் முழுத்தாளாகக் கிடைக்கும், வாங்கி வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் இரண்டு ஏ4ஐப் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டு நெஞ்சுக்கு நடுவில் வரட்டும், மார்புக்கவசத்தின் நடுக்கோட்டில் அது மறைந்துவிடும். கீறி முடித்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள், ஃப்ளாஷ் போடவேண்டாம், 6பி போட்ட இடமெல்லாம் மின்னி வெள்ளையாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா