தம்பி சிறையால வரமுதல் செய்யவேண்டியது

அக்கா, எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சி சட்டுச் சட்டெண்டு மாறி, கைவிட்டிடுவினமோ எண்ட பயம் கூடின மனநலப் பிரச்சினை) எண்டு சொல்லப்பட்ட உங்கட தம்பி அடுத்த மாதம் விடுதலையாகிறார், குளிசையில மாறுமோ எண்டு கேட்டிருந்தீங்கள். அந்தக் கோளாறுக்கெண்டு தனிக் குளிசை இல்லை. கூட இருக்கிற மனச்சோர்வு மாதிரியானதுக்குத்தான் மருந்து. டயசிபாம் எண்ட பதட்டம் குறைக்கிற குளிசையை நீங்களா வாங்கிக் குடுக்காதேங்கோ. பழக்கமாகும், சிலருக்கு ஆத்திரத்தையும் கூட்டும். பலன் தாறது மாதக்கணக்கில நடக்கிற பேச்சுச் சிகிச்சை.

வெளியில வரமுதலே சிறை மருத்துவப் பகுதியில மருந்து விவரத்தை எழுதி வாங்குங்கோ. இல்லாட்டி இடையில குளிசை நிண்டுபோகும். வந்த கிழமையே யாழ் போதனா வைத்தியசாலையிலயோ தெல்லிப்பழையிலயோ மனநலப் பிரிவில காட்டுங்கோ. முதல் கிழமைகளிலதான் தற்கொலை ஆபத்துக் கூட. தோட்டம் செய்யிற வீடெண்டால் பூச்சிமருந்து, களைகொல்லி ஒண்டும் வளவுக்குள்ள வேண்டாம்; பூட்டிவைக்கிறது போதாது.

கத்தேக்க நியாயம் கதைக்காதேங்கோ. "அரை மணித்தியாலத்தில வாறன்" எண்டு விலகுங்கோ, ஆனா சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரவேணும். வராட்டி கைவிட்டிட்டீங்கள் எண்டுதான் எடுப்பார், அடுத்த சண்டை அதிலயிருந்து தொடங்கும். கை ஓங்கினால் பிள்ளைகளோட உடன வெளிய போங்கோ. வருத்தக்காரன் எண்டு அடியைப் பொறுக்கத் தேவையில்லை. மனநல அவசரத்துக்கு 1926.