செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதத்தைக் கண்டறிய மோனோகுளோனல் ஆன்டிபாடி எதற்கு?

ஆன்டிபாடி என்பது பி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் உருவாக்கும், குறிப்பிட்ட வடிவத்தைப் பற்றிக்கொள்ளும் புரதம். ஒரே பி செல்லின் வழிவந்த செல்கள் உருவாக்கும், அச்சுப் பிசகாத ஆன்டிபாடிகள்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடிகள். 1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டீனும் பி செல்லைப் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து, இவற்றைத் தொடர்ந்து தயாரிக்க வழி கண்டார்கள்.

சரி, பயன் என்ன? செய்தி கடத்தும் புரதங்களில் ஒன்றான ஈ.ஆர்.கே. செல்லில் எப்போதும் இருக்கும். செய்தி வந்ததும் அதில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதிகள் இரண்டு ஒட்டும். அப்போதுதான் அது வேலையில் இறங்கும். பாஸ்பேட் உள்ள இடத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடி, புரதம் இப்போது இயங்குகிறதா என்றே காட்டிவிடும். இரட்டையரில் தொப்பி போட்டவரை மட்டும் அடையாளம் காண்பதுபோல. எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம் இது. அப்புறம், ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயம் இணைத்தால் அந்தப் புரதத்தை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

மோனோகுளோனல் என்றால் ஒரே புரதத்தில்தான் ஒட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பற்றுவது ஒரு சிறு வடிவத்தை, அதே வடிவம் வேறு புரதத்தில் இருந்தால் அங்கேயும் ஒட்டும்.